முப்பத்தேழாவது உறுப்புரை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த எந்தப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள், கலந்தர் சேர் என்கிற வாத்தியாரைத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார். இருபத்தாறு வருசமாக ஒரே பாடம், ஒரே குரல். அதிலும் பேர்போனது அவருடைய ஒரு பாடம்: ஜனாதிபதி, பிரதமர், அதிகார ஒப்பீடு. கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ஜனாதிபதி என்றும் வலப்பக்கம் பிரதமர் என்றும் எழுதுவார். இடப்பக்கம் நிறைந்து வழியும். முப்படைகளின் தளபதி, அமைச்சரவையின் தலைவர், மந்திரிமாரை வைப்பவர், தூக்குபவர், குற்றவாளிக்கு மன்னிப்புக் கொடுப்பவர், யுத்தம் சமாதானம் எல்லாம் பிரகடனம் செய்பவர். வலப்பக்கத்தில் ஒரு வரியும் எழுதாமல் வெண்கட்டியை மேசையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டித் தூசு பறக்க விடுவார்.

"பிரதமர் எண்டா ஆரு தெரியுமா புள்ளைகள்? ஜனாதிபதி தொப்பியக் கழட்டினா மாட்டி வைக்கிற ஆணி."

வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மனுசனுக்கு ஒரு பெருமை. பிறகு சட்டப்படி இருக்கிற நாலு விசயத்தை அவசரமாகச் சொல்லி எழுதுவிப்பார். அந்த நாலையும் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், சிரித்ததை மட்டும் மறக்க மாட்டார்கள். கலந்தரும் அப்படித்தான் ஆகிப் போனார் என்பதுதான் இந்தக் கதை.

கலந்தருக்கு ஒரே ஒரு தங்கச்சி, உம்மு. சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. அவளுடைய புருசன் றம்ஸீன் ஒரு சிறிய மெசின் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அவரோடு இரண்டு பேர். அடுத்த வளவுப் பொடியன் நிப்றாஸ், திருக்கோவிலிலிருந்து வந்து அஞ்சு வருசமாக அதே போட்டில் வேலை செய்கிற சுலக்சன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் இறங்கினார்கள். ஞாயிறு காலை மீனோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. திங்களும் வரவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற காலம். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். மெசின் நின்ற போட்டைக் கச்சான் பிடித்தால் சும்மா விடாது, இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஊரிலிருந்து பதினேழு போட் தேடப் போனது. கடற்படைக்காரர்களும் தேடினார்கள். ஏலுமான மட்டும் தேடினார்கள், அதைக் குறை சொல்ல வராது. மூன்றாம் நாள் மாலை கடற்படை அதிகாரி ஒருவர் கடற்கரையில் நின்று கையால் கிழக்கைக் காட்டி உடைந்த தமிழில் சொன்னார்.

"போட் தூரம் போயிட்டுது. இனி மேலால பாக்கணும். பிளேன் வேணும். அது எங்கட கையில இல்ல, பெரிய இடத்துல இருந்து ஓடர் வரணும்."

இரண்டு கேன் தண்ணீரோடு போனவர்கள். ஒரு ராத்திரித் தொழிலுக்கு அது தாராளம். நாலு நாளைக்கு? அஞ்சு நாளைக்கு? உம்மு அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தொண்டை காய்ந்தாலும் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விட்டிருந்தாள். மகள் ஸில்மியா கோப்பையை நீட்டினால், "வாப்பாக்குத் தண்ணி இரிக்காமா மகள்?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பெரிய இடம் என்றால் யார்? கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கலந்தருக்கு யோசிக்க ஒரு நிமிசமும் தேவைப்படவில்லை.

"ஜனாதிபதி," என்றார். "முப்படைக்கும் தளபதி அவர்தான். அவர்ர வாயில இருந்து ஒரு சொல்லு வந்தா அடுத்த மணித்தியாலம் பிளேன் எழும்பும். வேற ஆருக்கிட்டப் போனாலும் நேரந்தான் வீண்."

அன்றைக்கே பஹ்மியைப் பிடித்தார். பஹ்மி ஊரில் ஒரு கட்சிக்கு ஆள் சேர்க்கிறவன், வெள்ளைச் சட்டை, இரண்டு போன். "சேர், நீங்க வெள்ளிக்கிழமை காலைல கொழும்புக்கு வாங்க. ஜனாதிபதி செயலகத்துக்குள்ள நேர கூட்டிட்டுப் போறது என்ட பொறுப்பு," என்று மார்பில் தட்டிச் சொன்னான். கலந்தரின் பழைய மாணவன் பளீல், அக்கரைப்பற்றுக்காரன், அதே செயலகத்தில்தான் வேலை. ஆனால் அவன் சின்ன உத்தியோகத்தன். இவ்வளவு பெரிய விசயத்துக்கு அவன் எதற்கு என்று நினைத்து அவனுக்கு ஒரு அழைப்பும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பத்திரிகை வாசிக்கிற மனுசன், அந்த அஞ்சு நாளும் ஒரு பத்திரிகையையும் தொடவில்லை. செய்தியும் கேட்கவில்லை. யாருக்குத்தான் அதற்கு மனம் வரும்?

வியாழக்கிழமை காலை பாடசாலையில் இருந்தபோது போன் வந்தது. பிரதமர் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு கட்டிடம் திறக்க வருகிறாராம். சாய்ந்தமருதுப் பிரதான வீதியால்தான் வாகனங்கள் போகுமாம். கடற்கரைத் தெருப் பெண்கள் எல்லாரும் வீதிக்கு வந்துவிட்டார்கள், உம்முதான் முன்னுக்கு நிற்கிறாள், கையில் மனு.

கலந்தர் திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை அப்படியே போட்டுவிட்டு ஒரு ஆட்டோவில் பறந்தார். போய் இறங்கினால், வீதியோரம் நாற்பது அம்பது பெண்கள். வெயில் அப்போதே ஏறிவிட்டது. உம்மு கறுப்பு ஹபாயாவோடு, ஒரு பொலிஸ்காரருக்கு முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் நல்ல மனுசன் போலிருக்கிறது. "ரோட்டுக்கு இறங்காதீங்க, ஓரத்துல நிண்டு காட்டுங்க, நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உம்மு, என்ன வேலை இது?"

"காக்கா, பிரதமர் வாறாராம். ஸுல்பிகாட கடையில டைப் பண்ணி எடுத்த. பாருங்க, எல்லாம் சரியா இரிக்கா?"

கலந்தர் மனுவை வாங்கிப் பார்த்தார். தலைப்பில், 'மாண்புமிகு பிரதமர் அவர்கட்கு'. அதைக் கண்டதும் அவருக்குள் இருந்த வாத்தியார் எழும்பிவிட்டார். என்ன செய்ய, இருபத்தாறு வருசப் பழக்கம். பிழையான விடையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"இது பிழை. பிரதமருக்கு ஒரு தோணியைக் கூட அனுப்ப ஏலாது. இத அவருக்கிட்டக் குடுத்தா என்ன நடக்கும் தெரியுமா? 'உரிய இடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' எண்டு ஒரு கடிதம் வரும், அடுத்த மாசம். நாளைக்கு நான் கொழும்புக்குப் போய்க் கேட்டா, 'அதுதான் பிரதமருக்கிட்டக் குடுத்திட்டீங்களே' எண்டு அங்கேயும் கையை விரிப்பானுகள். ரெண்டும் இல்லாமப் போகும்."

"ரெண்டு பேருக்கும் குடுப்பமே காக்கா."

"ஒரு பிரதிதானே இரிக்கி? பொறு, திருத்தித் தாறன்."

"ஜனாதிபதி ஆருக்குத் தெரியும், எங்க இரிக்காரோ," என்றாள் உம்மு. "இவர் இந்தா ரோட்டால வாறாரு. தொழுவிக்கிற பேஷிமாம் இல்லாத வக்துல பாங்கு சொல்ற மோதினார் தொழுவிக்கிறயில்லையா? கையில கெடைச்சவருக்கிட்டக் குடுப்பம் காக்கா. என்ட அல்லாஹ், அவருக்குத் தண்ணி முடிஞ்சிரிக்கும்."

"உம்மு! இது பள்ளிவாசல் இல்ல. அரசியலமைப்பு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். கூடப் பிறந்த காக்கா படித்தவர், காக்கா சொன்னால் அது சரி என்றே வளர்ந்தவள்.

கலந்தர் ஆட்டோவின் முன்பக்கத்தில் தாளை விரித்தார். சட்டைப் பையில் இருந்தது கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனை. 'மாண்புமிகு பிரதமர்' என்ற சொற்களின் மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே 'அதிமேதகு ஜனாதிபதி' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அந்த நேரம் சைரன் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லாரும் ஒன்றாக அழுதார்கள். உம்மு ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். கலந்தர் தலையை நிமிர்த்தாமலே இடது கையை நீட்டி அவளை மறித்தார்.

"நில்லு. கையில மனு இல்லாம எங்க ஓடுறாய்?"

மோட்டார் சைக்கிள் இரண்டு, பிறகு ஒரு ஜீப், பிறகு கறுப்புக் கார். கார் உண்மையாகவே மெதுவாகிற்று. பின் கண்ணாடி பாதி இறங்கி, ஒரு கை வெளியே வந்து அசைந்தது. பெண்கள் அழுகிறார்கள் என்று கண்டுதானோ என்னவோ, அந்தக் கார் ஒரு ஐம்பது யார் வரைக்கும் ஊர்ந்துதான் போனது. ஒருவரும் ஓடிப் போய்த் தாள் ஒன்றும் நீட்டவில்லை. பிறகு வேகம் பிடித்துப் போய்விட்டது. கலந்தர் மணியைப் பார்த்தார். ஒன்பதரை.

"போகட்டும்," என்றார். "நாளைக்கு நேர ஜனாதிபதிர மேசைக்கே கொண்டு போறன். நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"காக்கா சொன்னா சரி," என்றாள் உம்மு. பெண்கள் கலைந்து போனார்கள்.

ராத்திரி பஸ்ஸில் ஏறி வெள்ளிக்கிழமை விடியக் கொழும்பில் இறங்கினார். பஹ்மியின் இரண்டு போனும் வேலை செய்யவில்லை. ஏழு மணிக்கு எடுத்தார், ஏழரைக்கு எடுத்தார், எட்டுக்கு எடுத்தார். ஒரு பெண் குரல் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. நாசமாய்ப் போவான், மார்பில் தட்டிச் சொன்னானே! செயலக வாசலில் நின்ற காவல்காரரிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினார். அவர்கள் சந்திப்புக்கு நேரம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லவும் ஏலவில்லை, இல்லை என்று சொல்லவும் ஏலவில்லை. வெயிலில் மதிலோரம் நின்றார். அஞ்சு நாள் தாடி, கசங்கிய சட்டை, கையில் ஒரு பொலித்தீன் உறை. அந்த வீதியால் போனவர்கள் அவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்திருந்தாலும் பிழையில்லை.

ஒன்பதரைக்குத்தான் வெட்கத்தை விட்டுப் பளீலுக்கு எடுத்தார். அவன் பத்து நிமிசத்தில் ஓடி வந்தான், கழுத்தில் அடையாள அட்டை ஆட.

"சேர்! நீங்களா? இஞ்ச என்ன சேர்?"

கலந்தர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லப் பளீலின் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"சேர், ஜனாதிபதி நாட்டுல இல்லையே."

"என்ன?"

"புதன்கிழமை ராவு வெளிநாட்டுப் பயணம் போயிட்டாரு சேர், திடீரெண்டு முடிவான பயணம். வாறது திங்கக்கிழமை. செய்தியில எல்லாம் போச்சே."

"அப்ப, அப்ப பாதுகாப்பு? தளபதி? ஆரு பொறுப்பு?"

சொல்வதா விடுவதா என்று பளீலுக்குத் தெரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்.

"முப்பத்தேழாவது உறுப்புரை சேர். நீங்கதானே படிப்பிச்ச. ஜனாதிபதி நாட்டுல இல்லாட்டி, அவர்ர அதிகாரத்தைப் பாவிக்கப் பிரதமரை நியமிக்கலாம் எண்டு. இந்த முறை நியமிச்சிட்டுத்தான் போனவரு. புதன் ராவுல இருந்து எல்லாம் பிரதமருக்கிட்டத்தான் சேர்."

ஒவ்வொரு வருசமும் ஆணிக் கதைக்குச் சிரித்து முடிந்த பிறகு, அவசரமாகச் சொல்லி எழுதுவிக்கிற அந்த நாலில் மூன்றாவது அது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார். விழித்துக்கொண்டு நின்ற நேரம்தான் வரவில்லை. கலந்தர் வீதியோரத்துக் கல்லில் குந்திவிட்டார். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, கொழும்பு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

"நேத்து எங்கட ரோட்டால போனாரு பளீல். கார் நிண்டு நிண்டு போச்சு. நான்தான் மறிச்சன். நான்தான் மறிச்சன்டா."

"அழ நேரமில்ல சேர், எழும்புங்க. மனுவக் காட்டுங்க."

பளீல் தாளைப் பார்த்தான். சிவப்புக் கோட்டைப் பார்த்தான். தன் பேனையை எடுத்து நீட்டினான். கலந்தர் தாளை முழங்காலில் வைத்து 'அதிமேதகு ஜனாதிபதி' என்பதை வெட்டி, முதல் வெட்டியதையே திரும்ப எழுதினார். தன் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி வெட்டிக் கொடுத்த கை. எழுத்து அலங்கோலமாக வந்தது.

பளீல் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்குப் போனான். சின்ன உத்தியோகத்தன்தான், ஆனால் பத்துப் பேருக்குப் போன் எடுத்தான், மூன்று கதவு தட்டினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் தவறிப் போய்விட்டது. பின்னேரம் ரெண்டரைக்கு ஒரு பெண் அதிகாரி மனுவைக் கையில் எடுத்தார். வெட்டியும் திரும்ப எழுதியும் கிடந்த தலைப்பைப் பார்த்து அவருடைய புருவம் உயர்ந்தது. பிறகு உள்ளே வாசித்தார். வாசித்து முடித்ததும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"ஆறு நாளா? மூண்டு பேரா?" நல்ல தமிழில் கேட்டார். "ஏன் இவ்வளவு பிந்தினது? பிரதமர் நேத்து உங்கட பக்கம்தானே வந்தவர். அங்கேயே ஒருத்தர் இதக் குடுத்திருந்தா நேத்துப் பின்னேரமே அனுப்பியிருக்கலாமே."

அந்தப் பெண் குத்திக் காட்டக் கேட்கவில்லை. மனம் பதறித்தான் கேட்டார். அதுதான் கலந்தருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஓடர் கிடைக்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. விடியத்தான் பிளேன் எழும்பும் என்றார்கள். கலந்தர் உம்முவுக்குப் போன் எடுத்தார். "மனுக் குடுத்தாச்சு. விடிய பிளேன் போகும். துஆக் கேளு," என்றார். யாரிடம் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழக்கே வெகு தூரத்தில், ஒரு சிவப்புச் சாரத்தைக் கம்பில் கட்டி வைத்திருந்தார்களாம். பிளேனிலிருந்து பார்த்தவருக்கு அது தெரிந்ததாம். இரண்டு பேர் கையை அசைத்தார்களாம்.

இரண்டு பேர்.

போட்டைக் கரைக்குக் கொண்டு வந்த இடத்துக்கு, வெள்ளி ராத்திரியே பஸ் ஏறித் திரும்பியிருந்த கலந்தர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். உயிரில்லாமல் கிடந்த மையத்தைப் பார்த்தார். றம்ஸீனின் முகம் வெயிலில் கறுத்துச் சுருங்கி, யாரோ வயதானவர் மாதிரி இருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் நிப்றாஸைப் பார்த்தார். பொடியனின் உதடு வெடித்து, கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் சுலக்சன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"எப்ப நிப்றாஸ்?" என்று கேட்டார் கலந்தர். கேட்காமல் இருக்க அவரால் ஏலவில்லை.

"நேத்து சேர்." குரல் கரகரத்தது. "தண்ணி முடிஞ்சது புதன்கிழமை. அவர்ர பங்கையும் எங்களுக்குத்தான் தந்தாரு. வியாழக்கிழமை முழுக்க நல்லாக் கதைச்சுக்கிட்டு இருந்தாரு. நேத்துத்தான் கண் மங்கிட்டுது. அஸர் வக்து எண்டு சூரியனப் பாத்துச் சொன்னாரு. கடல் தண்ணியில கை கால் கழுவி ஒழுச் செய்து இருந்துக்கிட்டே தொழுதாரு. தொழுது முடிச்சுச் சலாம் குடுத்திட்டு அப்படியே சரிஞ்சிட்டாரு."



"நாங்க அழக்குள்ள எல்லாம் அவர்தான் தேத்தினாரு சேர். 'பயப்படாதீங்கடா, கலந்தர் மச்சான் விடமாட்டாரு. மேல ஆருக்கிட்டக் கேக்கிற எண்டு அவருக்குத் தெரியும். பிளேன் வரும்' எண்டு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அந்தப் பொடியன் ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னான். மச்சான் உங்களை எவ்வளவு நம்பினார் பாருங்கள் என்று காட்டத்தான் சொன்னான். கலந்தர் அதற்கு மேல் நிற்க ஏலாமல் வெளியே போய்விட்டார்.

ஞாயிறு காலை ஜனாஸா அடக்கம். ஊரே திரண்டு வந்தது, திருக்கோவிலிலிருந்து சுலக்சனின் ஆட்களும் வந்தார்கள். கபுறில் மண் போட்டு முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் மீராசாஹிபு கலந்தரின் கையைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "நம்மட கலந்தர் சேர் இல்லாட்டி இண்டைக்கு மூணு பேரும் இல்ல, மையத்தும் இல்ல. ஒத்தையாக் கொழும்புக்குப் போய்ப் பிளேன் எடுப்பிச்ச மனுசன். அல்லாஹ் அவருக்கு நல்ல கூலி குடுக்கட்டும்." சனம் வரிசையாக வந்து அவரைக் கட்டிப் பிடித்தது. நடந்ததைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, சொல் வரவில்லை. கோழை, கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு உம்முவின் வீட்டுக்குப் போனார். புருசன் மௌத்தான பெண்கள் வெளியே போகாமல் இருக்கிற இத்தாவில் இருந்தாள், வெள்ளைச் சேலையோடு, உள்ளறையில் பாயில். கூடப் பிறந்த காக்கா என்பதால் உள்ளே போகத் தடையில்லை. ஸில்மியாவை வெளியே போகச் சொன்னார். பாயின் ஓரத்தில் இருந்துகொண்டு, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். ஜனாதிபதி நாட்டில் இல்லை என்றது, பிரதமருக்கு அதிகாரம் வந்திருந்தது, பளீல் சொன்னது, அந்தப் பெண் அதிகாரி கேட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீ சொன்னதுதான் உம்மு சரி. பேஷிமாம் இல்லாட்டி மோதினார் எண்டு சொன்னியே, சட்டத்திலயும் அப்படித்தான் எழுதியிருக்கி. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் அத நினைக்கல்ல. ஒரு போன் எடுத்துக் கேக்கல்ல. றம்ஸீன நான்தான்..."

"எத்தின மணிக்கு அந்தக் கார் போனது?" உம்மு இடையில் கேட்டாள்.

"ஒன்பதரை."

"வியாழன் ஒன்பதரை. இவர் மௌத்தானது வெள்ளி அஸர்." விரலை மடித்தாள், பாதியில் நிறுத்தினாள். "எனக்குக் கணக்கு வராது. எத்தின மணித்தியாலம் காக்கா?"

கலந்தருக்கு அது அறுபது தடவை போட்டுப் பார்த்த கணக்கு. "முப்பது," என்றார்.

"முப்பது மணித்தியாலம் உசிரோட இரிந்திரிக்காரு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், 'என்ட வீட்டு வாசல் மிதிக்காதே' என்று துரத்தியிருந்தால் கலந்தர் அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார். கண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவும் இல்லை.

"நீங்க கையை நீட்டி மறிச்ச நேரம், அதத் தட்டிட்டு நான் ஓடியிருக்கலாம்," என்றாள். "பேப்பர் இல்லாட்டி என்ன? வாய் இருந்திச்சே. கண்ணாடியில அடிச்சிக் கத்தியிருக்கலாம். காக்கா படிச்சவர் எண்டு நிண்டுட்டன். அத நினைச்சுத்தான் இனி நான் சாகும் வரைக்கும் எரியணும்."

"உன்ட பிழை இல்ல உம்மு. அல்லாஹ்வுக்காக அப்படிச் சொல்லாத."

அப்போது கதவுச் சேலை விலகியது. றம்ஸீனைப் பெற்ற உம்மா. கண் சரியாகத் தெரியாத மனுசி, சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தா.

"கலந்தரா மகன் வந்திரிக்க? குரல் கேட்டிச்சு."

"ஓம் உம்மா," என்றார் கலந்தர். எழும்பி நின்றார்.

அந்த மனுசி அவருடைய கையைத் தேடிப் பிடித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டா. "என்ட புள்ளைட மையத்த மீனுக்குக் குடுக்காம மண்ணுக்குக் கொண்டு வந்து தந்தீங்களே மகன். கபுறு இரிக்கி எனக்கு, போய் நிண்டு துஆக் கேக்க ஒரு இடம் இரிக்கி. இந்தக் கைக்கு நான் என்னத்தக் குடுப்பன்?"

கலந்தர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "உம்மா, நான் ஒரு விசயம் சொல்லணும்..."

"காக்கா." உம்முவின் குரல். பாயில் இருந்தபடியே தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது அவருக்காக இல்லை, அந்தக் கண் தெரியாத மனுசிக்காக.

றம்ஸீனின் உம்மா இரண்டு கையையும் ஏந்தினா. சத்தமாகத் துஆக் கேட்கத் தொடங்கினா. என்ட மகனைத் தேடித் தந்த இந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுளைக் குடு யா அல்லாஹ், இவர்ர அறிவில பறக்கத்தும் விருத்தியும் குடு, இவர்ர கையை ஆரிட கைக்கும் கீழ வைக்காத. ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கிறவர்கள் ஆமீன் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் நிறுத்தினா.

"ஆமீன் சொல்லுங்க காக்கா," என்றாள் உம்மு. "அவங்க காத்துக்கிட்டு இரிக்காங்க."

கலந்தர் கையை ஏந்தி, ஆமீன் என்றார்.